நாலு மணி நேரம் ஓடற படம்

பஸ்ஸுல போட்ட படம் முடியாட்டிப் போகுது, விடுங்க. நீங்க அவிநாசியில எறங்கற வரைக்கும் எவ்வளவு ஓடுதோ அவ்வளவு பாருங்க. நம்ம ஊரு வர்றதுக்குள்ள படம் முடிஞ்சே ஆகோணும்னு சட்டமுங்களா? "இத்தனை நீளத்துக்கு எதுக்குத்தான் எடுக்கறானுகளோ"ன்னு சலிச்சுக்கிட்டீங்க பாருங்க, அதனாலதான் வாயைத் தொறந்தேன். இல்லீன்னா நான் பஸ்ஸுல பேசற ஆளே கெடையாது.

என்னைய மாதிரி நீளப் படம் பாத்தவன் இந்த ஜில்லாவுல ஒருத்தன் இருக்க மாட்டானுங்க. தமாசுக்குச் சொல்லலை. ரெண்டு வருசம் நாலு மாசம். வாரத்துக்கு ரெண்டு படம், செவ்வா ஒண்ணு, வெள்ளி ஒண்ணு. மூணு மணி நேரத்துக்குக் கொறைஞ்சதை நான் கையால தொட மாட்டேன். மூணரைன்னா பரவால்ல. மூணே முக்கால்னா நல்லது. நாலு மணி நேரம்னா கண்ணுல ஒத்திக்குவேன்.

ஏன்னு கேளுங்க. என்ற ஊட்டுக்காரி சாந்தாமணிக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. டயாலிசிஸ். ரத்தத்தை வெளிய எடுத்து, மெசின்ல விட்டுச் சுத்தம் பண்ணி, திரும்ப உள்ள ஏத்தறது. ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரி. ஒருக்கா படுத்தா நாலு மணி நேரம். இடது கையில ரெண்டு ஊசி குத்தியிருக்கும், அந்தக் கையை அசைக்கக் கூடாது. தூங்கவும் வராது. மேல ஃபேனைப் பாக்கலாம், பக்கத்துக் கட்டிலைப் பாக்கலாம், இல்லீன்னா என்னையப் பாக்கலாம். எத்தனை நேரந்தான் என்னையப் பாப்பா?

நான் டிரான்ஸ்போர்ட்டுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவனுங்க. பேரு சென்னியப்பன். கோபி பஸ் ஸ்டாண்டுல பழைய ஆளுகளைக் கேட்டீங்கன்னா சொல்லுவாங்க. இருபத்தெட்டு வருசம் வண்டி வந்த நேரம், போன நேரம் எழுதினவன். ரெண்டு நிமிசம் பிந்தி வந்துட்டு ஒரு நிமிசம்னு எழுதச் சொல்லி எத்தனை கண்டக்டர் டீ வாங்கியாந்து நின்னிருப்பான் தெரியுங்களா? டீயைக் குடிச்சுப்போட்டு ரெண்டு நிமிசம்னே எழுதுவேன். நெசம் பேசறவன்னு அங்க எனக்குப் பேரு. வேற மாதிரியும் பேரு வெச்சிருந்தானுக, அது இப்ப எதுக்கு.

அப்பேர்ப்பட்டவனுக்கே அந்த நாலு மணி நேரம் நகரலீங்க. மொத ரெண்டு மணி நேரம் ஒரு மாதிரி போயிரும். கடைசி ரெண்டுதான் கஷ்டம். பிரஷர் எறங்கும், காலு கொரக்களி பிடிச்சு இழுக்கும், மனசு எங்கியோ போகும். சாந்தாமணிக்கு மனசு போனா ஒரே எடத்துக்குத்தான் போகும். "ஏனுங், தாரணிக்கு ஒரு வார்த்தை…"ன்னு ஆரம்பிப்பா.

தாரணி எங்க பொண்ணுங்க. ஒரே பொண்ணு. ஆறு வருசத்துக்கு முன்னால ஒரு பையனைக் கட்டிக்கிட்டா. நம்ம ஆளுக இல்லை. எந்த ஆளுகன்னு கேக்காதீங்க, கேட்டு என்ன பண்ணப் போறீங்க. ஜெராக்ஸ் மெசின் ரிப்பேர் பண்ற பையன், சேலத்துல. ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்துப் போட்டுப்போட்டு ரெண்டு பேரும் மாலையோட எங்க வாசல்ல வந்து நின்னாங்க. நான் கதவைச் சாத்தினேன். அன்னைக்குச் சாயங்காலம் சாந்தாமணியைக் கூப்புட்டு உக்கார வெச்சு, "இனி அவ பேரு இந்த ஊட்டுல வரக் கூடாது"ன்னு சொன்னேன். "சரிங்க"ன்னா. ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. அப்பறம் அவ பேரு எங்க ஊட்டுல வரவே இல்லீங்க. ஆஸ்பத்திரிக் கட்டில்லதான் வந்துச்சு. "அது ஊடு இல்லீங்களே"ன்னு வேற சொல்லுவா. கேட்டா எனக்கு எரியும். நான் சத்தம் போடுவேன், அவளுக்குப் பிரஷர் ஏறும், மெசினு பீப் பீப்னு கத்தும், ரெஜினா சிஸ்டர் ஓடியாரும். "ஐயா, பேசண்டுகிட்ட இப்படிப் பேசாதீங்க"ன்னு என்னைய வெளிய போகச் சொல்லும்.

அப்பத்தான் படம் போட ஆரம்பிச்சேன். அவ ஒடம்புக்கோசரம்தான் போட்டேன், அதை நீங்க மனசுல வெச்சுக்கோணும்.

மொதல்ல எல்லாரும் பாக்கற படத்தைத்தான் போட்டேன். ரெண்டேகால் மணி நேரம், ரெண்டரை. முடிஞ்சா இன்னும் ஒண்ணரை மணி நேரம் கெடக்கும். படம் முடிஞ்ச அடுத்த நிமிசம் அவ என்ற மூஞ்சியைப் பாப்பா. "ஏனுங், தாரணிக்கு…" திரும்பவும் ஆரம்பிச்சுடுவா. ரெண்டு படம் போடலாம்னு நீங்க சொல்லுவீங்க. போட்டுப் பாத்தாச்சு. ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்கற எடத்துல ஒரு சந்து கெடைக்குது பாருங்க, அதுல நுழைஞ்சுருவா. அதனால சந்தே இல்லாத படமா வேணும். ஊசி குத்தறப்ப ஆரம்பிச்சு ஊசி எடுக்கறப்ப முடியோணும். அப்படித் தேட ஆரம்பிச்சதுதான்.

சங்ககிரி வந்துருச்சா? இங்க பத்து நிமிசம் நிப்பானுங்க, நின்னா நிக்கட்டும்.

எல்லா பாசையிலயும் பாத்தேன். டப்பிங் பண்ணினது, பண்ணாதது. இப்பச் சொல்றேன் கேட்டுக்குங்க, நீளப் படத்துக்குன்னு ஒரு கொணம் உண்டு. மொத மணி நேரம் யாரு என்னன்னே புரியாது, எந்திரிச்சுப் போயிறலாமான்னு இருக்கும். ரெண்டாவது மணி நேரத்துல பேரு பழகும். மூணாவது மணி நேரத்துல அந்த ஊட்டுல எந்தச் சாமான் எந்த அலமாரியில இருக்குதுன்னு நமக்கே தெரிஞ்சுபோகும். ரெண்டு மணி நேரப் படத்துல ஒருத்தன் செத்தான்னா என்ன பண்றானுக? ஒரு அழுகை, ஒரு பாட்டு, அடுத்தாப்புல அவன் மகன் கத்தியைத் தூக்கிட்டுப் போறான். நாலு மணி நேரப் படத்துல, செத்தவனைத் தூக்கிட்டுப் போன பொறவு ஊட்டைக் கழுவி விடறதைக் காட்டறான். கழுவின தண்ணி வாசப்படி எறங்கி வீதிக்குப் போற வரைக்கும் காட்டறான். அந்தப் பொம்பளை கூட்டற சீவக்கட்டையைச் சாத்தி வெச்சுட்டு, அடுத்து என்ன வேலைன்னு தெரியாம நிக்கறதைக் காட்டறான். அது நெசமுங்க. இப்ப எனக்குத் தெரியும், அது அத்தனையும் நெசம்.

இன்னொரு கொணம், நீளப் படத்துக்குச் சத்தமே தேவையில்லை. நான் ஒரு படத்தையும் சத்தத்தோட பாத்ததில்லீங்க. எப்படீன்னா, போனை நான் மருந்து பாட்டில் மாட்டற ஸ்டேண்டுல ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி விட்ருவேன், அவ கண்ணுக்கு நேரா. மொதல்ல வயரு வெச்ச இயர்போன்தான் மாட்டி விட்டேன். ரெஜினா சிஸ்டர்தான், "ஐயா, வயரு ரத்தக் கொழாயோட சிக்குது, இதைப் போடுங்க"ன்னு வயரில்லாத குட்டி இயர்போன் ஒரு ஜோடி கொண்டாந்து குடுத்துச்சு. அதை மாட்டி விடறது, சரி பண்றது எல்லாம் சிஸ்டரேதான். "நீங்க உக்காருங்க ஐயா, உங்களுக்கு இதெல்லாம் வராது"ங்கும். வராதுதான். சத்தம் அவ காதுக்கு, படம் எங்க ரெண்டு பேர் கண்ணுக்கும். நான் ஸ்டூல் போட்டுப் பக்கத்துல உக்காந்து சும்மா பாப்பேன். அப்படியே பழகிப்போச்சு.

அந்த இயர்போன் வந்த பொறவு சாந்தாமணி ஆளே மாறிட்டா. நம்ப மாட்டீங்க. தாரணி பேச்சே எடுக்கறதில்லை. படத்தைப் போட்டதும் மொகம் தெளிஞ்சுரும். கதை கேக்கற கொழந்தையாட்டம் அப்பப்ப "ம்… ம்…"னு கொட்டுவா. சில எடத்துல சிரிப்பா. படத்துல பாத்தா அங்க ஒருத்தன் வெலங்கு மாட்டி நிப்பான், இவ சிரிப்பா. சில எடத்துல கண்ணுல தண்ணி ஓடும், அங்க பாத்தா கலியாணம் நடக்கும். எனக்குச் சிரிப்பா இருக்கும். பொம்பளைகளுக்கு ரசனையே தனின்னு நெனைச்சுக்குவேன். ஊட்டுக்குப் போறப்ப பஸ்ஸுல, "அந்தத் தம்பிக்காரன் கடைசியில செஞ்சது சரியா?"ன்னு கேப்பேன். "அவன் பாவங்க"ம்பா. எந்தப் படத்துக்குக் கேட்டாலும் "பாவங்க"தான்.

ஒரு வெள்ளிக்கெழமை, படம் பாதி போயிட்டு இருக்குது, பனியில ஒருத்தன் தனியா நடந்துக்கிட்டே இருக்கற படம், திடீர்னு இவ "பொண்ணு பொறந்திருக்குதாமா!"ன்னு கத்திப்போட்டா. வார்டே திரும்பிப் பாத்துச்சு. சிரிக்கறா, அழுகறா, வலது கையால கட்டிலைத் தட்டறா. நான் போனைப் பாக்கறேன், அதுல பனியும் அவனுந்தான். பிரஷர் எறங்கி உளர்றாளாக்கும்னு பயந்து சிஸ்டரைக் கூப்புட்டேன். சிஸ்டர் வந்து அவளைப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு. "ஒண்ணுமில்லீங்க ஐயா, நல்லா இருக்காங்க"ன்னு அவ தலையைத் தடவிக் குடுத்துட்டுப் போயிருச்சு. "எவளுக்கு டி பொறந்துச்சு?"ன்னு கேட்டேன். "படத்துலதானுங்க"ன்னா. நான் கடைசி வரைக்கும் பாத்தேன். ஒரு பொண்ணும் பொறக்கலை.

அதுக்கப்பறம் அவளே கேக்க ஆரம்பிச்சா. "இதைவிடப் பெருசா இல்லீங்களா? போன படம் கால் மணி நேரம் முன்னாலயே முடிஞ்சுருச்சே"ன்னு. பாத்தீங்களா, நான் பழக்கி விட்டது! எனக்கு அப்படி ஒரு பெருமை. தெரிஞ்சவங்கிட்டயெல்லாம் சொல்லி, யார் யாரையோ கேட்டு, நாலு மணி நேரம் அஞ்சு நிமிசத்துல ஒரு படம் புடிச்சேன். மலங்காட்டுல ஒரு அப்பன் ஆட்டு மந்தையை ஓட்டிக்கிட்டு ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குப் போறான். அவ்வளவுதான் கதை. அவனுக்கு ஒரு மகன், பேச மாட்டான். அப்பனும் பேச மாட்டான். ஆடு மட்டும் கத்தும்னு நெனைக்கறேன், எனக்கெங்க கேட்டுச்சு.

அந்தப் படம் போட்டது போன ஐப்பசியில ஒரு வெள்ளிக்கெழமைங்க. மூணாவது மணி நேரம் நடக்குது. சாந்தாமணி வலது கையைத் தூக்கி, காதுல இருந்து ஒண்ணைக் கழட்டினா. கழட்டி என்னையப் பாத்து நீட்டினா. "ஏனுங், கொஞ்சம் கேளுங்க"ன்னா. நான் படத்தைப் பாத்தேன். ஆடு ஆத்தைக் கடந்துட்டு இருக்குது. இதுல என்ன கேக்கறதுக்கு இருக்குது? "எனக்கு வேண்டாம், நீயே கேளு"ன்னு சொல்லி, அவ விரல்ல இருந்து அதை வாங்கி, அவ காதுலயே திரும்ப வெச்சு விட்டேன். நல்லாப் பதமாத்தானுங்க வெச்சேன். அவ அப்படியே என்னையப் பாத்துக்கிட்டு இருந்தா. கொஞ்ச நேரங்கழிச்சு மொகத்தைப் படத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. ரெண்டாந்தடவை நீட்டலை.

ஞாயித்துக்கெழமை காலையில போயிட்டா. காபி ஆத்திக் குடுத்தேன், கையில வாங்கினா, டம்ளரைக் கீழ வெச்சா, அவ்வளவுதான். ஏழு அம்பது.

பொண்ணு எப்படியோ தெரிஞ்சு வந்திருந்தாளாம். வீதி முக்குல, ரேசன் கடைகிட்ட, கொழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னாளாம். பங்காளி ஒருத்தன் வந்து என்ற காதுல, "வரச் சொல்லட்டுமா?"ன்னான். "வேண்டாம்"னேன். பெத்தவளே ஆறு வருசமாப் பேசாம என்ற சொல்லைக் காப்பாத்திக் குடுத்துட்டுப் போயிருக்கறா, நான் இப்ப விட்டா அவளுக்கு என்ன மரியாதைன்னு எனக்கு நெனைப்பு. நெசமாலுமே அப்படித்தானுங்க நெனைச்சேன். மூஞ்சியைச் சுளிக்காதீங்க. உங்க எடத்துல யாரா இருந்தாலும் சுளிக்கத்தான் செய்வாங்க, எனக்குத் தெரியும்.

காரியமெல்லாம் முடிஞ்சு, பதனஞ்சு இருவது நாளிருக்கும். சாந்தாமணி போன் ஒண்ணு சின்னதா இருந்துச்சு, அதை யாருக்காவது குடுத்துறலாம்னு எடுத்து நோண்டிக்கிட்டு இருந்தேன். யார் யாருக்குப் பேசியிருக்கறான்னு வரிசையா வந்துச்சு. "கேஸ் கம்பெனி"ன்னு ஒரே பேரு. செவ்வா, வெள்ளி, செவ்வா, வெள்ளி. பக்கத்துல எத்தனை நேரம் பேசினாங்கன்னு இருக்குமுங்கல்ல? மூணு மணி நாப்பத்தேழு நிமிசம். மூணு மணி அம்பத்திரெண்டு நிமிசம். கேஸ் கம்பெனிக்காரங்கிட்ட மூணு மணி அம்பத்திரெண்டு நிமிசம் ஒருத்தி என்னத்தைப் பேசுவா?

எனக்கு ஒரு பழக்கம், போட்ட படத்தையெல்லாம் டைரியில எழுதி வெச்சிருந்தேன். ஆரம்பிச்ச நேரம், முடிஞ்ச நேரம். பழைய வேலையோட புத்தி. டைரியை எடுத்து அந்தப் போனுக்குப் பக்கத்துல வெச்சேன். ஒவ்வொரு வரியா பாத்தேன். நிமிசம் பிசகலீங்க. படம் எத்தனை நேரமோ போன் அத்தனை நேரம். கடைசி வரி அந்த வெள்ளிக்கெழமை, நாலு மணி அஞ்சு நிமிசம்.

அந்த நம்பருக்கு அடிக்கறதுக்கு எனக்குக் கை வரலை. நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெஜினா சிஸ்டர் மூஞ்சிக்கு நேரா போனை நீட்டிக் கத்தினேன். என்ற கண்ணு முன்னாலயே, என்ற படத்தைப் போட்டு மறைச்சு, என்னைய முட்டாளாக்கிப்போட்டீங்களேன்னு. அது பயப்படவே இல்லை. கையில இருந்த பஞ்சை வெச்சுட்டு, "ஆமாங்க ஐயா. நான்தான் அந்த இயர்போனை அம்மா போனோட சேத்து வெச்சேன். உங்க போன்ல சத்தத்தைக் கொறைச்சு வெச்சதும் நான்தான். உங்களைத் தவிர வார்டுல எல்லாருக்கும் தெரியும்"னுச்சு. எல்லாருக்குமாங்க! பக்கத்துக் கட்டில்ல கெடந்த கெழவருக்கும் தெரியுமாம், கூட்டற பொம்பளைக்கும் தெரியுமாம். பொண்ணு பொறந்த அன்னைக்கு என்னைய மட்டும் விட்டுப்போட்டு எல்லாரும் முட்டாய் தின்னிருக்கறாங்க. சர்க்கரைக்காரங்க கூடத் தின்னாங்களாம்.

கத்தித் தீத்துட்டுத் திரும்பறேன், சிஸ்டர் பின்னாலயே வந்து, "ஐயா, ஒண்ணு கேக்கோணும்"னுச்சு. "அன்னைக்கு அம்மா ஒண்ணைக் கழட்டி உங்ககிட்ட நீட்டினாங்களே, நான் அந்தக் கட்டிலுக்குப் பின்னாலதான் நின்னேன். தாரணி லைன்ல இருந்துச்சு. நீங்க வேண்டாம்னு சொன்னதைக் கேட்டுச்சு. அத்தனை கல்லு மனசுங்களா உங்களுக்கு?"

அங்கியே பெஞ்சுல உக்காந்துட்டேன். நான் படம்னு நெனைச்சேன் சாமி, ஆடு கத்தறதைக் கேக்கச் சொல்றான்னு நெனைச்சேன்னு சொல்றேன், அது நம்பின மாதிரியே தெரியலை. நீங்களே சொல்லுங்க, யாராவது நம்புவாங்களா? "ஊருக்கே தெரிஞ்சது பக்கத்துல உக்காந்திருந்தவனுக்குத் தெரியலை, அவன் படம் பாத்துக்கிட்டு இருந்தான்"னா சிரிக்க மாட்டாங்களா?

குமாரபாளையம் தாண்டிட்டானா? சரி, சுருக்கச் சொல்றேன்.

அதுக்கப்பறம் எனக்கு ஒரே வேலைதான். கதவைச் சாத்தினது நான்தான், சாவுக்கு வர வேண்டாம்னதும் நான்தான், அதுக்கெல்லாம் நான் பொறுப்பு. ஆனா அந்த வெள்ளிக்கெழமை நான் செய்யலை. செய்யாத ஒண்ணை என்ற தலையில வெச்சுக்கிட்டு அந்தப் புள்ளை திரியுதே, அதை மட்டும் எறக்கி வெச்சுட்டு வந்துறோணும். "அப்பனுக்குத் தெரியாதும்மா, அப்பன் படம்னு நெனைச்சேன்"னு மொகத்தைப் பாத்துச் சொல்லிப்போடோணும். சொல்லிப்போட்டா பாதி ஆறிரும்னு நெனைச்சேன். ரெண்டு மாசம் யோசிச்சேன். சிஸ்டர்கிட்ட அட்ரஸ் வாங்கிட்டு இன்னைக்குக் காலையில கெளம்பிப் போனேன். அங்க போயிட்டுத்தான் வர்றேன்.

சின்ன ஊடுங்க, மாடிப்படிக்குக் கீழ. முன் ரூமுல தையல் மெசினு. ஜாக்கெட்டு தைக்கறா. என்னையப் பாத்ததும் எந்திரிச்சா. "வாங்கப்பா"ன்னா. அழுகலை, கத்தலை. சேர் எடுத்துப் போட்டா. அந்தப் பையன் உள்ள இருந்து வந்து கும்புட்டுட்டு, அவனே காபி போட்டுக் கொண்டாந்து வெச்சுட்டு, வேலைக்குப் போறேன்னு கெளம்பிட்டான். கொழந்தைக்கு ஒண்ணரை வயசு, மூக்கும் முழியும் சாந்தாமணிதான். என்ற கண்ணாடியையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

நான் சொன்னேனுங்க. நிமிசக் கணக்கோட சொன்னேன். படம் எத்தனை மணிக்குப் போட்டது, ஆடு எப்ப ஆத்துல எறங்குச்சு, அவ எப்ப நீட்டினா, எல்லாம். டைரியைக் கூடக் கொண்டுபோயிருந்தேன். முடிச்ச பொறவு, "அந்த நாலு மணி நேரமும் என்னப்பா பேசினோம்னு நெனைக்கறீங்க?"ன்னு கேட்டா. "எனக்கெப்படித் தெரியும்?"னேன். "ஒண்ணும் பேசலைங்கப்பா. அம்மாவால பேச முடியாதே, நீங்க பக்கத்துல இருப்பீங்களே. நான் போனைப் போட்டு அடுப்புக்கிட்ட வெச்சுட்டு என் வேலையைப் பாத்துட்டு இருப்பேன். அம்மா கேட்டுட்டு இருப்பாங்க. எப்பவாவது ஏதாவது சொன்னா, ம்ம்னுவாங்க. என்ன கொழம்புன்னு சொல்லுவேன், ம். துணி தொவைக்கப் போறேம்மான்னா, ம். அவ்வளவுதான்"னா.

"அன்னைக்கு மட்டும் பாப்பாவை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். தாத்தான்னு சொல்ல வந்துருச்சு இவளுக்கு. அப்பா காதுல வெக்கறேன், பாப்பாவைப் பேச விடுன்னு அம்மா முந்தின செவ்வாயே, நீங்க மருந்து வாங்கப் போன நேரத்துல சொல்லி வெச்சிருந்தாங்க. நீங்க வேண்டாம்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு"ன்னா.

"படம்னு நெனைச்சுத்தான் சாமி சொன்னேன்"னு திரும்பவும் சொன்னேன்.

"சரிங்கப்பா, நம்பறேன்"னா. அவ நம்பறேன்னதும் எனக்கு நெஞ்சுப் பாரமே எறங்குச்சுங்க. காபியைக் கையில எடுத்தேன். அப்பக் கேட்டா. சாதாரணமாத்தான் கேட்டா, கோவமா இல்லை. "நான் லைன்ல இருக்கறேன்னு தெரிஞ்சிருந்தா, வாங்கிக் காதுல வெச்சிருப்பீங்களா?"

அவ மொகத்தைப் பாத்தேன். ஆறு வருசம் கழிச்சுப் பாக்கறேன். ஏதோ ஒண்ணுக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சு அந்த மொகம். அது எனக்கு நல்லாத் தெரிஞ்சுதுங்க, தெரியலைன்னு சொல்ல மாட்டேன். கொழந்தை என்ற முட்டியைப் புடிச்சுக்கிட்டு நிக்குது.

"வெச்சிருக்க மாட்டேன்"னு சொன்னேன்.

நெசம் அதுதானுங்க. ரேசன் கடைகிட்ட வந்து நின்னவளையே வேண்டாம்னவன், அதுக்கு ரெண்டு நாள் முன்னால போனுல வாங்கியிருப்பனா? மெசினு கத்தற அளவுக்குச் சாந்தாமணியைத் திட்டியிருப்பேன்.

தாரணி தலையாட்டினா. "அம்மாவும் அதைத்தான் சொன்னாங்க. அப்பா வாங்க மாட்டாரு கண்ணு, நான் ஒருக்கா நீட்டிப் பாக்கறேன்னாங்க"ன்னா. சொல்லிட்டுக் கொழந்தையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

கதவைச் சாத்தலீங்க. நான் சாத்தினனே, அவ சாத்தலை. தொறந்துதான் கெடந்துச்சு. அந்தச் சேர்லயே உக்காந்திருந்தேன். உள்ள பாத்திரம் வெளக்கற சத்தம் கேட்டுச்சு. குக்கர் ரெண்டு விசில் வந்துச்சு. கொழந்தை எதுக்கோ சிரிச்சுச்சு, அவ ஏதோ சொன்னா. தண்ணி புடிக்கற சத்தம். எல்லாம் நல்லாக் கேட்டுச்சு. முக்கா மணி நேரம் உக்காந்திருந்தேன், யாரும் வந்து போங்கன்னும் சொல்லலை, வாங்கன்னும் சொல்லலை. அப்பறம் நானே எந்திரிச்சு, செருப்பு மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

டிக்கெட் எடுக்கறப்பத்தான் எனக்குத் தோணுச்சு. ஆமான்னு சொல்லியிருக்கலாமே. பொய்தான், இருந்தாலும் சொல்லியிருக்கலாம். அந்தப் புள்ளை அதுக்குத்தானே காத்துக்கிட்டு நின்னுச்சு? அவளுக்கும் தெரியும் அது பொய்யின்னு, தெரிஞ்சும் வாங்கிக்கிட்டிருப்பா. சாந்தாமணியா இருந்தா சொல்லியிருப்பா. ரெண்டு வருசமா என்ற மூஞ்சியைப் பாத்து "படத்துலதானுங்க"ன்னு சொன்னவளுக்கு இது ஒரு பெரிய பொய்யா?

திரும்பிப் போயிச் சொல்லலாங்கறீங்களா? இல்லீங்க. அவ இனிக் கேக்க மாட்டா. அவளும் என்ற பொண்ணுதானே.

பாலம் தாண்டிட்டான், பவானி வந்துருச்சு. கொஞ்சம் காலை ஒதுக்குங்க, நான் எறங்கிக்கறேன்.